சதுரங்கக் கணக்குகளை விடுவிப்பது எப்படி?

சனிக்கிழமைகளில் எமது பாடசாலையில் இரண்டாம் பாடம் முடிந்து இடைவேளை மணி அடித்ததும், மண்டபத்தின் பின்மூலையில் ஒரு சிறு கூட்டம் சேர்வதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். தேநீர் வழங்கும் மேசைக்கு அருகே ஒரு சதுரங்கப் பலகை விரித்திருக்கும். அதில் ஏழெட்டுக் காய்கள் மாத்திரமே நிற்கும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நிற்பர். ஆயினும் எவரும் காயைத் தொடமாட்டார்கள். "விளையாடாமல் ஏன் மாஸ்டர் இதுகள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்குதுகள்?" என்று ஒரு தாயார் என்னிடம் வினவினார். ஐந்து நிமிட இடைவேளைக்குள் அதற்கு விடை கூற இயலவில்லை. ஆண்டுமலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக்குழுவினர் கேட்டபோது, அந்த அம்மையாருக்குக் கொடுக்காமல் விட்ட விடையையே எழுதுவது தகும் எனத் தோன்றியது.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சதுரங்கக் கணக்கு. விளையாட்டு வேறு, கணக்கு வேறு. விளையாட்டில் இருவர் எதிரெதிரே அமர்ந்து முப்பத்திரண்டு காய்களோடு தொடங்குவர்; யார் வெல்வார் என்பது இறுதிவரை தெரியாது. கணக்கில் வெற்றி முன்னரே தீர்மானிக்கப்பட்டது. ஒருவர் தமது வீட்டில் இருந்து, பல நாட்கள் சிந்தித்து, சில காய்களைக் கொண்டு ஒரு நிலையை ஆக்குகின்றார். "வெள்ளை முதலில் நகர்ந்து, கறுப்பு எவ்வாறு எதிர்த்தாலும், இரண்டாவது நகர்விலே இறுதி முற்றுகை செய்ய வேண்டும்" என்று கீழே எழுதி விடுகின்றார். வெள்ளை வெல்லும் என்பதில் ஐயமில்லை. எப்படி என்பதே வினா. நல்ல கணக்கில் தொடக்க நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு வழிகளில் விடை வருமாயின் அது பழுதுபட்ட கணக்கு. வெண்பாவில் ஒரு சீர் மிகுந்தாலும் தளை தட்டுவது போல, இங்கே தேவையற்ற ஒரு காலாள் நின்றாலும் அதனைக் குறையென்றே அறிந்தோர் கொள்வர்.

மேலே செல்வதற்கு முன் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. காய்களின் பெயர்களில் எம்மவரிடையே ஒற்றுமை இல்லை. சில வீடுகளில் அரசிக்கு மந்திரி என்று பெயர். வேறு சில வீடுகளில் மூலைவிட்டமாகச் செல்லும் காயே மந்திரி. கோட்டையை யானை என்போரும் உளர். சென்ற ஆண்டு இரண்டு சகோதரர் பிள்ளைகள், தாய்வழிப் பேரனும் தந்தைவழிப் பேரனும், இதன் பொருட்டுப் பெருஞ்சண்டை பிடித்துக்கொண்டனர். இக்கட்டுரையில் நேராகச் செல்வது கோட்டை, மூலைவிட்டமாகச் செல்வது மந்திரி, முன்வரிசையில் நிற்பவர் காலாட்கள் எனக் கொள்க. 'செக்' என்பது முற்றுகை. 'செக்மேட்' என்பது இறுதி முற்றுகை. முற்றுகையும் இல்லாமல் நகரவும் இடமில்லாமல் ஒருவர் அகப்பட்டு ஆட்டம் சமநிலையில் முடியும் 'ஸ்டேல்மேட்' என்பதை முடக்கம் என்பேன். கட்டங்களைக் குறிப்பதற்கு, வெள்ளையின் இடப்புறமிருந்து நிரல்கள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கமிருந்து வரிசைகள் 1 முதல் 8 வரை என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கும்படி அன்புடன் வேண்டுகின்றேன். பலகை இல்லாதோர் கொப்பித்தாளில் கட்டம் கீறினாலும் போதும்.

முதலாவது கணக்கு அமெரிக்காவின் புகழ்பெற்ற வீரர் பவுல் மோர்பியின் (1837–1884) பெயரால் வழங்குவது. வெள்ளை அரசன் சி8, கோட்டை ஏ1, காலாள் பி6. கறுப்பு அரசன் ஏ8, மந்திரி பி8, காலாட்கள் ஏ7, பி7. மொத்தம் ஏழே காய்கள். வெள்ளை இரண்டு நகர்வில் இறுதி முற்றுகை செய்ய வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளை உடனே கோட்டையைக் கொண்டு ஏ7இல் இருக்கும் காலாளை வெட்டும். "செக்!" என்ற ஒலியும் கூடவே வரும். கறுப்பு மந்திரி கோட்டையை வெட்டிவிட, அத்தோடு கதை முடிந்துவிடும். முற்றுகையோடு தொடங்குவதே பலம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பாக வரும் எண்ணம், பெரியோர்க்கும் அப்படியே. ஆனால் நல்ல கணக்குகளின் முதல் நகர்வு பெரும்பாலும் ஓசையற்றது. ஆகவே காயைத் தொடுமுன் மூன்று வினாக்களைக் கேட்குமாறு நான் சொல்லிக்கொடுப்பேன்.

கறுப்பு அரசன் எங்கே போகலாம்? ஏ7, பி7, பி8 ஆகிய மூன்று கட்டங்களிலும் அவனுடைய ஆட்களே நிற்கின்றனர். அவன் எங்கும் போக முடியாது. அப்படியானால் ஒரு முற்றுகை சரியாக விழுந்தால் போதும்.

இப்போது கறுப்பின் முறையாக இருந்தால் என்ன நடக்கும்? இதுவே விடுவிப்பவரின் தலையாய வினா. பி7 காலாளுக்கு எதிரே வெள்ளைக் காலாள் நிற்பதால் அது நகராது. ஏ7 காலாள் பி6ஐ வெட்டலாமா என்றால், வெட்டினால் கோட்டையின் முன் அரசன் வெளிப்பட்டு விடுவான். அது விதிக்கு ஒவ்வாது. மந்திரி நகரலாம். மந்திரி பி8ஐ விட்டு எங்கே போனாலும், கோட்டை ஏ7ஐ வெட்டியதும் இறுதி முற்றுகை. அக்கோட்டைக்குப் பி6 காலாள் காவல், பி8 கட்டத்துக்கு வெள்ளை அரசன் காவல். ஆக, கறுப்பு மந்திரி நகர்ந்தால் வென்றுவிட்டோம். ஆனால் ஓர் ஓட்டை இருக்கின்றது. ஏ7 காலாள் நேராக ஏ6இற்கோ ஏ5இற்கோ போகலாம். போனால் எல்லாம் கெட்டது.

மூன்றாவது வினா: அந்த ஓட்டையை அடைப்பது எவ்வாறு? விடை, கோட்டையை ஏ6இல் வைப்பது! பி7 காலாள் வெட்டக்கூடிய இடத்திலே, கோட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இப்போது ஏ7 காலாளுக்கு வழியில்லை. கறுப்பு மந்திரி நகர்ந்தால் கோட்டை ஏ7ஐ வெட்டும். பி7 காலாள் கோட்டையை வெட்டினாலோ, வெறுமையான பி7இற்கு வெள்ளைக் காலாள் ஏறி அரசனை முற்றுகையிடும். சி8இல் நிற்கும் வெள்ளை அரசன் அக்காலாளைக் காப்பதால் கறுப்பு அரசன் அதனை வெட்டவும் முடியாது. கணக்கு முடிந்தது.

இந்தக் கணக்கை நான் முதன்முதலாக வகுப்புக்குக் கொடுத்தது மோர்டனில் அன்று. 2009ஆம் ஆண்டு, வவுனியாவுக்கு அருகே இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில். அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. வன்னியில் ஆறு ஆண்டுகள் கணிதம் கற்பித்திருந்தேன். பாடசாலையும் இல்லை, கரும்பலகையும் இல்லை, ஆனால் பிள்ளைகள் இருந்தனர். சீமெந்துப் பையின் உட்புறத் தாளில் கட்டம் கீறி, சோடாப் போத்தல் மூடிகளில் கரியால் எழுத்திட்டுக் காய்களாக்கினோம். முப்பத்திரண்டு மூடிகள் சேர்ப்பது அங்கே பெரும்பாடு. ஏழு மூடிகள் கிடைத்தன. ஏழு மூடிகளால் ஆட்டம் ஆட முடியாது, கணக்குப் போடலாம். மேற்படி கணக்கை வைத்தேன்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு நாட்கள் அதனருகே குந்தியிருந்தான். அவனுடைய தகப்பனாரைப் பற்றிய செய்தி எதுவும் அதுவரை வந்திருக்கவில்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் அவன் விரலால் காற்றிலே கோடு கீறுவதைக் கண்டேன். மூன்றாம் நாட் காலை என் கூடாரத்துக்கு வந்து, "சேர், கோட்டையைக் குடுக்கோணும். குடுக்காட்டி அந்தக் காலாள் போயிடும்" என்றான். வெறும் விடையைச் சொல்லிவிட்டுப் போகாமல் காரணத்தையும் சேர்த்துச் சொன்னான். பரீட்சைத் தாள்களை எத்தனையோ கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கின்றேன். அன்று காலை கேட்ட அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நிகராக எதனையும் வாசித்ததில்லை.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். உலகத்துக் கணக்கு ஆக்குநர் எல்லோரும் இதனை 'இந்தியக் கணக்கு' என்றே அழைப்பர். 1845ஆம் ஆண்டு, இலண்டனில் ஹோவார்ட் ஸ்டோன்டன் என்பவர் 'செஸ் பிளேயர்ஸ் குரோனிக்கிள்' என்னும் சதுரங்க இதழை நடத்தி வந்தார். எமது பிள்ளைகள் கையிலெடுக்கும் காய்களின் வடிவத்துக்கு இன்றும் 'ஸ்டோன்டன்' என்றே பெயர், அவரே இவர். அவருடைய இதழுக்கு இந்தியாவிலிருந்து ஒரு கணக்கு வந்தது. அனுப்பியவர் தமது பெயரை வெளியிடாமல் 'ஷாகிர்த்' என்று ஒப்பமிட்டிருந்தார். ஷாகிர்த் என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மாணாக்கன் என்று பொருள். அவர் டில்லியில் பணியாற்றிய ஹென்றி ஒகஸ்டஸ் லவ்டே என்னும் ஆங்கிலப் பாதிரியார் என்பது பின்னர் தெரியவந்தது. நான்கு நகர்வில் இறுதி முற்றுகை செய்ய வேண்டிய அக்கணக்கு, அக்காலத்து விடுவிப்போரைத் திணறடித்தது.

மூலக் கணக்கில் வெள்ளை அரசன் வெறுமனே ஓரடி வைக்கும் நகர்வு ஒன்று இடையிலே வரும். அதனை முன்பின்னாக மாற்றினாலும் விடை வந்துவிடும் என்னும் குறையும் உண்டு. ஆதலால் அதன் கருத்து மாத்திரம் துலங்குமாறு சில காய்களை மாற்றி, மூன்று நகர்வுக் கணக்காகச் சுருக்கி, எமது பிள்ளைகளுக்காக நான் அமைத்துக்கொண்ட வடிவத்தைத் தருகின்றேன். வெள்ளை அரசன் ஏ1, கோட்டை டி1, மந்திரிகள் ஜி2, எச்6, காலாட்கள் பி3, எஃப்2, ஜி4. கறுப்பு அரசன் ஈ4, குதிரை எஃப்3, காலாட்கள் பி5, ஈ5. வெள்ளை மூன்று நகர்வில் இறுதி முற்றுகை செய்ய வேண்டும்.

அதே வினாக்களைக் கேட்போம். கறுப்பு அரசன் எங்கே போகலாம்? டி நிரல் முழுவதையும் கோட்டை ஆள்கின்றது. எஃப்5ஐ ஜி4 காலாள் காக்கின்றது. ஈ3ஐ எஃப்2 காலாள் காக்கின்றது. எஃப்4ஐ எச்6 மந்திரி தூரத்திலிருந்து நோக்குகின்றார். எஃப்3இலும் ஈ5இலும் சொந்த ஆட்கள். அரசனுக்கு எட்டுத் திசையிலும் வழியில்லை. குதிரையோ ஜி2 மந்திரிக்கும் தன் அரசனுக்கும் இடையே அகப்பட்டு நிற்கின்றது. அது அசைந்தால் அரசன் வெளிப்படுவான். ஈ5 காலாளின் முன்னே அதன் அரசனே நிற்கின்றான். எஞ்சியது பி5 காலாள் ஒன்றுதான். அதற்கும் ஓரடி மாத்திரமே உண்டு. பி4இற்கு வந்ததும் பி3 காலாள் எதிரே தடுக்கும்.

அப்படியானால் நடக்கப்போவது என்ன? வெள்ளை எதையாவது நகர்த்தும்; கறுப்பு பி4 என்று நகர்த்தும்; அதன்பின் கறுப்புக்கு நகர ஒரு காயும் இல்லை. முற்றுகையும் இல்லை. முடக்கம்! இத்தனை படையோடு நிற்கும் வெள்ளை வெல்லாமல் ஆட்டம் சமநிலையில் முடிந்துவிடும். வெள்ளையின் தொல்லை விசித்திரமானது. எதிரியை இறுக்கியது போதாது என்பதன்று. அளவுக்கு மீறி இறுக்கிவிட்டது என்பதே தொல்லை. அகப்பட்டவனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும். ஆனால் திறந்த வாசலால் அவன் தப்பிப் போய்விடவும் கூடாது.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒவ்வொரு வாசலாகத் திறந்து பார்ப்பர். எச்6 மந்திரியை வேறு பக்கம் எடுத்தால் எஃப்4 திறக்கும். அரசன் வெளியே வந்து ஓடிவிடுவான். கோட்டையை எடுத்தால் டி நிரல் திறக்கும், அதுவும் ஓட்டமே. ஜி2 மந்திரியால் குதிரையை வெட்டினால் அரசன் அம்மந்திரியை வெட்டி வெளியே வருவான். அரைமணி நேரம் இப்படிப் போகும். பிறகு மௌனம் வரும். அந்த மௌனத்தையே அந்தத் தாயார் "சும்மா பார்த்துக்கொண்டு நிற்குதுகள்" என்று கண்டிருக்கின்றார்.

விடை இதுதான். முதல் நகர்வில் எச்6 மந்திரி தன் கோட்டிலேயே பின்னோக்கி, பலகையின் மறுமுனைக்கு, சி1இற்குப் போகின்றார். பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. எஃப்4ஐ முன்னர் ஒருபுறத்திலிருந்து நோக்கியவர் இப்போது மறுபுறத்திலிருந்து நோக்குகின்றார். கறுப்பு வேறு வழியின்றிப் பி4 என்கின்றது. இரண்டாம் நகர்வில் கோட்டை டி1இலிருந்து டி2இற்கு ஓரடி ஏறுகின்றது. அந்த ஓரடியால் தனது மந்திரியின் கோட்டையே அது மறிக்கின்றது. ஆதலால் எஃப்4 திறக்கின்றது. முடக்கம் நீங்கியது. கறுப்புக்கு இப்போது ஒரே ஒரு நகர்வு உண்டு: அரசன் எஃப்4இற்கு வருகின்றான். மூன்றாம் நகர்வில் கோட்டை டி2இலிருந்து டி4இற்குப் பாய்கின்றது. கோட்டை நான்காம் வரிசை வழியாக முற்றுகை; அது விலகியதால் பின்னால் ஒளிந்திருந்த மந்திரி சி1இலிருந்து முற்றுகை. இரட்டை முற்றுகைக்கு எதிரே கோட்டையை ஈ5 காலாளால் வெட்டினாலும் குதிரையால் வெட்டினாலும் மந்திரி விடமாட்டார். ஈ4, ஜி4 கட்டங்களைக் கோட்டை காக்கும். ஜி5, ஈ3 கட்டங்களை மந்திரி காப்பார். ஜி3 எஃப்2 காலாளுக்கும் எஃப்5 ஜி4 காலாளுக்கும் உரியவை. இறுதி முற்றுகை.

மந்திரி ஏன் சி1 வரை போக வேண்டும் என்பதே இங்கு உயிர். எச்6இல் நின்றபடி இருந்தால், கோட்டை டி2இற்கு வந்தாலும் எந்த வாசலும் திறக்காது. மறிக்கும் இடம் மந்திரிக்கும் எஃப்4இற்கும் நடுவே இல்லை. டி2ஐத் தாண்டி அப்பால் போனால்தான் அவ்விடம் நடுவே வரும். ஜெர்மனியரான யோகன்னஸ் கோட்ஸ், கார்ல் கொக்கல்கோர்ன் என்னும் இரு நண்பர்கள், எந்தக் கணக்கையும் இருவர் பெயராலுமே வெளியிட்டவர்கள், இந்த ஒரு கருத்தை ஆராய்ந்து 1903இல் 'இந்தியக் கணக்கு' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினர். தாண்டப்படும் அக்கட்டத்துக்கு அவர்கள் வகுத்த வழியில் 'நெருக்கடிக் கட்டம்' என்று பெயர். ஒரு பாதிரியார் மாணாக்கன் என ஒப்பமிட்டு அனுப்பிய நான்கு நகர்வுகளுக்கு, ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின் ஒரு நூல்!

கணக்கு ஆக்கும் கலை லவ்டேயுடன் தொடங்கியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு நாட்டார் 'மன்சூபா' என்னும் பெயரில் இத்தகைய நிலைகளை ஆக்கித் தொகுத்தனர். எம்மவர் மகிழத்தக்க ஒரு செய்தியும் உண்டு. 1814இல் பம்பாயில் ஆங்கிலத்தில் ஒரு சதுரங்க நூல் அச்சேறியது. பாடமாகப் பயிலத்தக்க நெருக்கடியான நிலைகளை அடுக்கிய அந்நூல் வடமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது. அதனைச் செய்தவர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. திருவேங்கடம் என்ற பெயரே அவர் எத்திசையினர் என்பதைச் சொல்லும். 1913இல் சதுரங்க வரலாற்றைப் பெருநூலாக எழுதிய ஆங்கில அறிஞர் மறே அவர்களும் இந்நூலை விரிவாக எடுத்தாண்டுள்ளார். இந்தியக் கணக்கைப் பேசும் பலர் இவரைப் பேசாது விடுவது எனக்குச் சிறு மனக்குறை.

நாம் வாழும் இந்நாட்டில் கணக்கு ஆக்குவோருக்கும் விடுவிப்போருக்குமென 1918இலேயே ஒரு சங்கம் நிறுவப்பட்டது. இவ்வகைச் சங்கங்களில் உலகிலேயே மூத்தது அதுவே. விடுவித்தலில் உலகப் போட்டிகளும் உண்டு. எதிராளி இல்லை, மணிக்கூடும் கணக்குத் தாளும் மட்டுமே. இலண்டனிற் பிறந்த ஜோன் நன் அவற்றில் 2004, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் உலக வெற்றியாளரானார். அவரும் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதை, என் போன்ற பழைய கணித ஆசிரியன் சொல்லாமல் விடமாட்டான்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருசிய எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ் தாய்நாட்டை விட்டு வெளியேறிப் பெர்லினிலும் பாரிசிலும் அகதியாக வாழ்ந்தவர். 1940இல், பிரான்சை விட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட அனுமதிக்காகப் பாரிசில் காத்திருந்த காலத்தில், தாம் நெடுநாள் முயன்ற ஒரு சதுரங்கக் கணக்கை முடித்ததாகத் தமது நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். பின்னாளில் கவிதைகளையும் பதினெட்டுச் சதுரங்கக் கணக்குகளையும் ஒரே நூலில் சேர்த்து வெளியிட்டார். அந்நூலை நான் மோர்டன் நூலகத்து மேசையொன்றில் இருந்து வாசித்தேன். எனது விண்ணப்பத்துக்குப் பதில் வராத காலம் அது. வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டில் இருந்தால் அறையைப் பகிர்ந்துகொண்ட இளைஞருக்கு இரவு வேலை முடிந்து உறங்க இடைஞ்சல். நூலகம் மூடும்வரை இருந்துவிட்டு, நொதேர்ன் பாதையின் கடைசி நிலையத்திலிருந்து வெளிவரும் கூட்டத்தோடு நானும் வேலையிலிருந்து வருபவன் போல நடந்து போவேன். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டேன். அவற்றுக்கு விடை இருந்தது என்பது அப்போது எனக்குப் பெரிய காரியம்.

பிள்ளைகளிடம் திரும்புவோம். இக்காலத்தில் எந்தக் கணக்கையும் கைத்தொலைபேசியில் இட்டால், கண்மூடித் திறக்குமுன் விடை வந்துவிடும். இந்தியக் கணக்கை வைத்த மறுவாரம், பதினொரு வயது மாணவன் ஒருவன் வந்ததும் வராததுமாக, "பிஷப் டு சி1, சேர்" என்றான். சரி என்றேன். ஏன் என்றேன். விழித்தான். தொலைபேசி காரணத்தைச் சொல்லித் தரவில்லை. "காரணத்தைத் தமிழில் சொன்னால்தான் விடை" என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குக் கோபம், என்னைவிட அவனுடைய தாயாருக்குக் கூடுதலான கோபம்.

இதில் ஒரு செய்தியை நான் கண்டுகொண்டேன். எமது பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் பெரும்பாலும் ஏவலும் விடையுமாகவே இருக்கின்றது. 'வா', 'சாப்பிடு', 'வேண்டாம்', 'பிறகு'. நிபந்தனை வாக்கியம் அதில் அருகி வருகின்றது. இலக்கணப் பாடத்தில் 'மழை பெய்தால் பயிர் விளையும்' என்று எழுதிக்கொடுத்தால் பார்த்து எழுதுவர், வாயில் வராது. மழை பெய்தால் என்ன ஆகும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. மோர்டனில் அது நாள்தோறும் பெய்கின்றது. ஆனால் கோட்டை டி2இற்கு வந்தால் என்ன ஆகும் என்பதில் அக்கறை உண்டு. சதுரங்கக் கணக்கைக் காரணத்தோடு சொல்லப் புகுந்தால், 'வந்தால்', 'வந்தாலும்', 'வராவிட்டால்', 'வந்திருந்தால்' என்னும் நான்கையும் தவிர்க்கவே முடியாது. கணக்கின் உடம்பே அவற்றால் ஆனது. 'வந்தால்' என்பது விடை. 'வந்தாலும்' என்பது எதிரியின் தடை. 'வராவிட்டால்' என்பது முதல் நகர்வின் தேவை. ஐந்தாம் வகுப்பில் இவ்வாண்டு நான் நிபந்தனை வினையெச்சத்தைக் கரும்பலகையில் கற்பிக்கவில்லை. மண்டபத்து மூலையில் கற்பித்தேன். அதிபருக்கு இது இப்போதுதான் தெரியவரும் என எண்ணுகின்றேன்.

மூன்று வாரங்களின் பின் அந்த மாணவன் தொலைபேசி இல்லாமல் வந்தான். பலகையைச் சுட்டிக்காட்டி, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, "மந்திரி அங்க போகாட்டி, கோட்டை வந்தாலும், டோர் திறக்காது, சேர்" என்றான். 'டோர்' என்ற சொல்லை நான் திருத்தவில்லை. பக்கத்தில் நின்ற சிறுமி திருத்தினாள்: "வாசல்."

முடிவாக, இவ்வாண்டு விழாவுக்கு வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் அமைத்த எளிய கணக்கு ஒன்று. வெள்ளை அரசன் எஃப்7, மந்திரி சி1, காலாள் ஈ4. கறுப்பு அரசன் எச்8, காலாட்கள் ஏ5, ஈ5, எச்7. வெள்ளை இரண்டு நகர்வில் இறுதி முற்றுகை செய்ய வேண்டும். மந்திரி ஜி5 என்று எழுதுவோருக்கும், மந்திரி பி2 என்று எழுதுவோருக்கும் புள்ளி இல்லை. எச்7 காலாளை மறந்துவிட்டீர்கள். விடையை, முழு வாக்கியங்களில், காரணத்தோடு, கொப்பித்தாளில் எழுதி, விழா முடிந்து வரும் சனிக்கிழமை தேநீர் மேசைக்கு அருகே என்னிடம் தரலாம்.